கிரியான் கரைக் கதைகள் – 17: மேல் கோர்ட்டுக்குப் போகும் வழி

சென்ற வாரம் கரும்பாலைகளோடு நிறுத்தியிருந்தோம். ஆலை இருந்த இடத்தில் கூலி இருந்தான். கூலி இருந்த இடத்தில் வழக்கும் இருந்தது. கீழ்க் கோர்ட்டுகளைப் பற்றி முன்பே கொஞ்சம் பேசிவிட்டோம். அங்கே தோற்றவன் அடுத்து எங்கே போனான் என்பதுதான் இந்த வாரக் கதை.

1900-ஆம் ஆண்டு வாக்கில் நிபோங் திபாலில் தோற்றவனுக்கு மேலே போக ஒரு வழி. கிரியான் ஆற்றுப் பக்கம் சில மைல் தள்ளிப் பாரிட் புந்தாரில் தோற்றவனுக்கு முற்றிலும் வேறு வழி. இரண்டு பக்கத்துத் தோட்ட லயங்களிலும் பேசியது ஒரே தமிழ்தான். ஆனால் நிபோங் திபால் வெல்லெஸ்லி மாகாணத்தில், அதாவது பினாங்கோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்றத்தில் இருந்தது. அது பிரிட்டிஷ் முடியின் நேரடிச் சொத்து. பாரிட் புந்தார் பேராக் சுல்தானின் மண். அங்கே வெள்ளைக்கார ரெசிடென்ட் பேருக்கு ஆலோசகர். 1874-இல் பங்கோரில் கையெழுத்தான உடன்படிக்கை இந்த எல்லையைத் திருத்தி, ஆற்றுக்குத் தெற்கேயும் கொஞ்சம் நிலத்தை மாகாணத்தோடு சேர்த்தது. டிரான்ஸ்கிரியான் தோட்டத்துக்காரர்கள் பேராக் பக்கம் போகாமல் பினாங்கோடு நின்றது அதனால்தான்.

எல்லைக் கோடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்துச் சட்டமும் மாறியது. இந்தப் பக்கத்துக்காரன் ஜார்ஜ்டவுனில் இருந்த நீரிணைக் குடியேற்ற உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு மேல் அதே நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு. அதற்கும் மேல் லண்டன். பேராக்காரனுக்கோ 1896 வரை சீனியர் மாஜிஸ்திரேட்டுக்கு மேலே சுல்தானின் ஆலோசனை சபைதான். 1896-இல் நான்கு கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜுடீஷியல் கமிஷனரை வைத்தார்கள். 1906-இல்தான் அந்தப் பக்கத்திலும் ஒரு முறையான மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுந்து, லண்டன் கதவும் திறந்தது. இந்தப் பிளவு பிரிட்டிஷார் போன பின்னும் சட்டப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்ட மலாயா ஒப்பந்தச் சட்டம் பேராக்கில் நடப்பில் இருந்தபோது, பினாங்கில் இங்கிலாந்தின் பொதுச் சட்டமே ஓடியது. அது பினாங்குக்கும் நீட்டிக்கப்பட்டது 1974-இல்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று பார்க்க, தீவுப் பக்கம் போக வேண்டும். 1786-இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய பிறகு இருபது ஆண்டுக்கும் மேலாகப் பினாங்கில் இன்ன சட்டம் செல்லும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 1801-இல் கல்கத்தாவிலிருந்து நீதிபதியாக வந்த ஜான் டிக்கென்ஸ், இந்தத் தீவில் செல்லுபடியாவது இயற்கைச் சட்டம் ஒன்றுதான் என்று நொந்துகொண்டார். 1807-இல் அரசர் கொடுத்த நீதிச் சாசனத்தோடு அந்த நிலை மாறியது. மறு ஆண்டு ஜார்ஜ்டவுனில் நீதிமன்றம் திறந்தது. முதல் ரெக்கார்டர் சர் எட்மண்ட் ஸ்டான்லி. ரெக்கார்டர் என்றால் பதிவு எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் படித்த தலைமை நீதிபதியின் பட்டம் அது. ஆனால் அவர் தனியாக உட்காரவில்லை. கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும் பக்கத்திலேயே நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். வரி போடுகிறவரும், அந்த வரியைப் பற்றிய வழக்கைக் கேட்கிறவரும் ஒரே ஆள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு நோஞ்சான் என்பது 1826-க்குப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றையும் ஒரே குடியேற்றமாக்கி, இரண்டாவது சாசனம் வந்தது. மூன்று ஊருக்கும் ஒரே ரெக்கார்டர்; அவர் இருப்பது பினாங்கில்; கப்பலேறி மற்ற இரண்டு ஊருக்கும் போய் வழக்கு கேட்க வேண்டும். சர் ஜான் கிளாரிட்ஜ் போக மறுத்தார். பயணச் செலவு யார் தருவது, எந்த வசதியில் போவது என்பதுதான் தகராறு. கவர்னர் ராபர்ட் ஃபுல்லர்ட்டன் தானே சிங்கப்பூருக்குப் போய் 1828-இல் வழக்குகளை நடத்தினார். கிளாரிட்ஜ் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் பதவியை இழந்தார். படி பேட்டா தகராறில் ஒரு நீதிபதி வேலையை இழந்த கதை நம் சரித்திரத்தில் அநேகமாக இது ஒன்றுதான்.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. 1830-இல் கிழக்கிந்தியக் கம்பெனி செலவைக் குறைக்க முடிவு செய்து, கவர்னர், ரெசிடென்ட் கவுன்சிலர் என்ற பதவிப் பெயர்களையே எடுத்துவிட்டது. சாசனத்திலோ கவர்னரும் ரெசிடென்ட் கவுன்சிலரும்தான் நீதிபதிகள் என்று எழுதியிருந்தது. பெயர் போனதும் அதிகாரமும் போய்விட்டது என்று முடிவு கட்டி, நீதிமன்றத்தைப் பூட்டிவிட்டார்கள். கடன்காரனைப் பிடிக்க வழியில்லாமல் வணிகர்கள் லண்டனுக்கு மனு மேல் மனு போட்டார்கள். 1832-இல் பழைய பட்டங்களைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கோர்ட் திறந்தது. காரியம் செய்கிற ஆட்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பட்டம் மட்டும் இல்லை.

1855-இன் மூன்றாவது சாசனம் பினாங்குக்குத் தனி ரெக்கார்டரைக் கொடுத்தது. அந்த இடத்துக்கு வந்தவர் பென்சன் மேக்ஸ்வெல். 1858-இல் அவர் முன் வந்த வில்லன்ஸ் வழக்கு நம் தோட்டக் கதையோடு நேராகத் தொடர்புள்ளது. ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டுப் போன தொழிலாளியைத் தண்டிக்க, இங்கிலாந்தில் 1823-இல் இயற்றிய எசமான்–வேலைக்காரர் சட்டம் இங்கே செல்லுமா என்பது கேள்வி. 1807 சாசனம் அந்த ஆண்டு வரையிலான இங்கிலாந்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1826 சாசனமோ அதை 1826 வரைக்கும் புதுப்பித்தது என்று மேக்ஸ்வெல் முடிவு கட்டினார். வக்கீல்களுக்கு இது அழகான தேதிக் கணக்கு. தோட்டத்துத் தொழிலாளிக்கோ, வேலைக்கு வராமல் இருப்பது ஜெயிலுக்குப் போகும் குற்றமா இல்லையா என்ற கணக்கு. அடுத்த நூறு ஆண்டில் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத சட்டப் புத்தகம் இல்லை. அவற்றில் அந்தத் தொழிலாளிக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்க்கிறவர்கள் குறைவு.

அசல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நீரிணைக் குடியேற்றத்துக்கு வந்தது 1873-இல்தான். தலைமை நீதிபதி, பினாங்கு நீதிபதி, இன்னும் இருவர் என்று மொத்தமே நான்கு பேர். நேற்று ஒருவர் கொடுத்த தீர்ப்பை இன்று மற்றவர்கள் திருத்த வேண்டும். நாளை இவர்களுடையதை அவர் திருத்துவார். ஒரே கிளப்பில் சாப்பிடும் நான்கு பேர் ஒருவரையொருவர் எந்த அளவுக்குத் திருத்துவார்கள்? காசுள்ளவர்கள் லண்டனை நம்பியதில் ஆச்சரியமில்லை.

லண்டன் என்றால் பிரிவி கவுன்சில். அன்றைக்கு அது டவுனிங் தெருவில் ஓர் அறை. அங்கே தீர்ப்பு என்று சொல்ல மாட்டார்கள். மன்னருக்குப் பணிவான ஆலோசனை என்பார்கள். மன்னர் அதை ஆணையாக்குவார். ஆலோசனை ஒன்றுதான் என்பதால் நீண்ட காலம் மாற்றுக் கருத்தை வெளியிடவே விடவில்லை. 1966-இல்தான் அதற்கு இடம் வந்தது. பினாங்கிலிருந்து அங்கே போன வழக்குகளில் பேர் போனது யியாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ, 1875. ஒரு சீனப் பெண்மணி தன் உயிலில், தனக்கும் கணவனுக்கும் காலாகாலத்துக்கும் சடங்கு செய்ய ஒரு வீட்டை எழுதி வைத்தார். காலாகாலத்துக்கும் சொத்தைக் கட்டிப்போடுவது இங்கிலாந்துச் சட்டத்துக்கு ஆகாது; அது பொது அறமும் அல்ல, குடும்பத்துக்கு மட்டுமான சடங்கு என்று சொல்லி பிரிவி கவுன்சில் அந்த ஏற்பாட்டைத் தள்ளிவிட்டது. முன்னோர் வழிபாடு என்பது என்னவென்று நேரில் பார்த்தறியாத பெரியவர்கள், அது யாருக்குப் பயன் என்று ஆராய்ந்தார்கள். தாத்தா பேரில் குருபூஜைக்கு நிலம் எழுதி வைக்கும் நம் ஆட்களுக்கும் அந்தத் தீர்ப்பு ஓர் எச்சரிக்கையாகவே நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கும் இன்றைக்கும் இது மாறவில்லை. மேல் கோர்ட் உங்களைப் பார்ப்பதில்லை. சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றுவதில்லை. அது படிப்பது காகிதம். கீழ்க் கோர்ட்டில் யார் என்ன சொன்னார், என்ன ஆவணம் கொடுத்தார், நீதிபதி ஏன் அப்படி முடிவு செய்தார் என்பதெல்லாம் அடங்கிய பதிவேடு. வக்கீல்கள் சுருக்கமாக ‘ரெக்கார்டு’ என்பார்கள். அதில் இல்லாதது நடக்காதது மாதிரிதான். புதிய சாட்சியத்துக்கு இடம் உண்டு என்றாலும் அது ஊசிக்காது அளவு இடம். முன்பே முயன்றும் கிடைத்திருக்காது, கிடைத்திருந்தால் முடிவை மாற்றியிருக்கும், நம்பத் தகுந்தது என்று மூன்றையும் காட்ட வேண்டும்.

நம் தோட்டத்து ஆட்களின் சாட்சியம் அந்தக் காகிதத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். பால் வெட்டும் ஒருவர் கூண்டில் ஏறித் தமிழில் பேசுவார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்வார். நீதிபதி தன் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார், முக்கியம் என்று அவருக்குப் பட்டதை மட்டும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்த கங்காணியை ஒரு முறை பார்த்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டது, எதுவும் நோட்டில் ஏறாது. அப்பீலுக்குப் போவது அந்த நோட்டின் நகல். மலேசியக் கோர்ட்டுகளில் ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்யும் கருவி பரவலாக வந்தது இந்த நூற்றாண்டில்தான். கோர்ட் நடவடிக்கை மலாய் மொழியில் நடக்க வேண்டும் என்று 1990-இல் சட்டம் இறுகிய பிறகு இங்கிலீஷின் இடத்துக்கு மலாய் வந்தது. தமிழ்ச் சாட்சிக்கு நடுவில் இன்னொருவர் நிற்பது மாறவில்லை. வழக்கை வக்கீல் கீழ்க் கோர்ட்டில் எப்படி நடத்துகிறார் என்பதை விட்டுவிட்டு, மேல் கோர்ட்டுக்கு யாரைப் பெரிய வக்கீலாகப் பிடிக்கலாம் என்று அலையும் நம்மவர்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் நடந்த மாற்றங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1957-க்குப் பிறகும் லண்டன் வழி மூடவில்லை. ஆலோசனை இங்கிலாந்து ராணிக்குப் போகாமல் நம் மாமன்னருக்கு வந்தது, அவ்வளவுதான். 1963-இல் மலேசியா உருவானதும் கூட்டரசு நீதிமன்றம் வந்தது. 1978 ஜனவரி 1 முதல் குற்ற வழக்குகளும் அரசியலமைப்பு வழக்குகளும் லண்டன் போவது நின்றது. 1985 ஜனவரி 1 முதல் எதுவும் போவதில்லை. அன்று கூட்டரசு நீதிமன்றம் ‘உச்ச நீதிமன்றம்’ என்று பேர் மாறியது. ஆனால் ஒரு கோளாறு: மூன்று படியில் ஒரு படி போய்விட்டது. உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்த வழக்கில் தோற்றவனுக்கு ஒரே ஒரு அப்பீல். அதிலும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1988-இல் அந்த உச்ச நீதிமன்றத்தின் தலைவர் சாலே அபாசே பதவி நீக்கப்பட்டார். வேறு இரண்டு நீதிபதிகளும் நீக்கப்பட்டார்கள். அது தனி அத்தியாயமாக எழுத வேண்டிய கதை. 1994 ஜூனில் மறுபடி மூன்று படி வந்தது. நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மேலே மீண்டும் கூட்டரசு நீதிமன்றம். நடுப்படியின் முதல் தலைவர் லாமின் முகமது யூனுஸ். வக்கீல் தொழிலிலிருந்து நேராக அந்தப் படிக்கு ஏற்றப்பட்டவர் கோபால் ஸ்ரீராம்.

இந்த நடுப்படி மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் 1891-இல் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைத்தார்கள். இன்றும் கலிபோர்னியாக்காரன் ஒரு கோர்ட்டுக்கும் நியூயார்க்காரன் வேறொன்றுக்கும் போகிறான். இந்தியாவில் நடுப்படியே இல்லை. 25 உயர் நீதிமன்றங்களிலிருந்தும் நேராக டெல்லி. சென்னைக்கு ஓர் உச்ச நீதிமன்றக் கிளை வேண்டும் என்று வக்கீல்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மதுரைக்கு உயர் நீதிமன்றக் கிளை கிடைத்ததே 2004-இல்தான். மலேசியாவில் நடுப்படி உண்டு, ஆனால் நாடு முழுக்க ஒன்றே ஒன்று, புத்ராஜெயாவில். சில சமயம் நீதிபதிகள் பினாங்கு, கூச்சிங் போன்ற ஊர்களுக்கு வந்தும் உட்காருவார்கள். கிளாரிட்ஜ் மறுத்த அதே பயணம்.

இன்று நிபோங் திபாலில் ஒருவர் தோற்றால் என்ன நடக்கும்? மோட்டார் சைக்கிளில் போனவரை லாரி இடித்தது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈட்டு வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும். நீதிபதி கொடுத்த 80,000 ரிங்கிட் போதாது என்றால் 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுத்து, ஜார்ஜ்டவுனில் லைட் தெருவில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1985-இல் பாலம் திறக்கும் வரை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறித்தான் போக வேண்டியிருந்தது. 2014-க்குப் பிறகு பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலம். கோர்ட்டுக்கு எதிரே ஜேம்ஸ் லோகன் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1869-இல் இறந்த ஸ்காட்லாந்துக்கார வக்கீல் அவர், வெள்ளையரல்லாதவர்களுக்காக வாதாடியவர். அங்கேயும் தோற்றால்? வழக்கின் மதிப்பு 250,000 ரிங்கிட்டுக்குக் குறைவு என்பதால் புத்ராஜெயாவுக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். அனுமதி சுலபத்தில் கிடைக்காது. ஆக, மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்று நான் எவ்வளவு எழுதினாலும், இந்த வட்டாரத்து ஆட்களில் பெரும்பாலோருக்குக் கடைசிச் சொல் லைட் தெருவில்தான். அதைச் சொல்லாமல் புத்ராஜெயாவின் பெரிய குவிமாடங்களை மட்டும் வர்ணிப்பது நியாயமில்லை.

பெரிய தொகை வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்திலேயே தொடங்கிய கொலை, போதைப்பொருள் வழக்கு என்றால் கதவு திறந்திருக்கும். புத்ராஜெயாவில் ஒரு வழக்குக்கு மூன்று நீதிபதிகள். தேவைப்பட்டால் ஐந்து, ஆனால் எப்போதும் ஒற்றைப்படை. ரெக்கார்டையும் இரு தரப்பு எழுத்து வாதத்தையும் முன்னமே படித்துவிட்டு வருவார்கள். அதனால் வக்கீல் எழுந்து கதையை முதலிலிருந்து ஆரம்பித்தால், “அதெல்லாம் படித்தாயிற்று, உங்கள் மூன்றாவது காரணத்துக்கு வாருங்கள்” என்ற பாணியில் குறுக்கிடுவார்கள். கேள்விகள் ஒரு பக்கம் சாய்ந்தால் வக்கீலுக்கு வேர்க்கும். முடிந்ததும் மூவரும் உள்ளே போவார்கள். சில வழக்குகளில் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து ஏகமனதாக என்று சொல்லிவிடுவார்கள்; விரிவான காரணம் பிறகு எழுத்தில் வரும். சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் முடிவை, அது தெளிவாகத் தவறு என்றால் ஒழிய மாற்றக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2004-இல் கான் யூக் சின் வழக்கில் உறுதிப்படுத்தியது. பதிவேட்டில் ஏறாத அந்தக் குனிந்த தலைக்குச் சட்டம் கொடுக்கும் மரியாதை அதுதான்.

மூவரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பேராக்கிலிருந்து ஒரு வழக்கு. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி. 2009-இல் அவர் கணவர் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமின்றி மதம் மாற்றினார். அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்று ஈப்போ உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது: இது ஷரியா நீதிமன்றத்தின் விஷயம், எங்களுடையதல்ல என்று. தனித்து நின்றவர் ஹமீத் சுல்தான் அபு பக்கர். தோற்ற பக்கத்தில் எழுதப்படும் கருத்துக்கு அன்றைக்கு எந்தப் பலனும் இல்லை. அது அடுத்த படிக்கு எழுதி வைக்கும் கடிதம். கூட்டரசு நீதிமன்றத்துக்கு உரிமையியல் வழக்கை எடுத்துப் போக அனுமதி வேண்டும். பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தால்தான் கிடைக்கும். இங்கே அது இருந்தது. 2018 ஜனவரி 29-இல் ஐந்து நீதிபதிகள் ஏகமனதாக இந்திராவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் நீதிபதி சைனூன் அலி. பிள்ளையின் மதத்தை மாற்றத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரத்தை யாரும் எடுத்துவிட முடியாது.

கைக்குழந்தையாகத் தகப்பனோடு போன கடைசிப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது ஆகியிருந்தது. வழக்கு மூன்று படி ஏறி முடிந்திருந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கவில்லை. தகப்பனைத் தேடிப் பிடிக்கப் போலீசுக்குக் கொடுத்த உத்தரவை நிறைவேற்றச் சொல்லி, அந்தத் தாய் அதற்குப் பிறகும் கீழ்ப் படியிலிருந்து மறுபடி ஏறத் தொடங்கினார்.